ஜன்னலடியில் பதினோரு கட்டு

"மூடுங்க ஹெர் ஹார்ம்ஸ், போதும்."

"மூணு நிமிஷம்தான் ஆச்சு. இன்னும் ரெண்டு..."

"ரெண்டு நிமிஷத்துல நான் விறைச்சே போயிடுவேன். வெளியே நாலு டிகிரி."

"காத்து மாறணும்ல? நீங்க விட்ட மூச்சையே நான் எத்தனை நேரம்..."

"என் மூச்சுக்கு என்ன கேடு?"

"கேடுன்னு யார் சொன்னா? பழசுன்னுதான் சொல்றேன்."

ஒருவர் முடிக்குமுன் மற்றவர் தொடங்கிவிடுகிற இந்தச் சண்டைக்கு ஒன்பது வயது. ஹாமர்சீல் நகர அலுவலகத்தின் முதல் மாடியில், பிறப்பு இறப்புப் பதிவு அறையில், கேஷே உப்பெனும் ஃபோக்கோ ஹார்ம்ஸும் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்த நாளிலிருந்து வருகிறது. அக்டோபரில் தொடங்கும், ஏப்ரலில் ஓயும். ஹார்ம்ஸ் மேசையில் முட்டை வேகவைக்கிற கடிகாரம் ஒன்று இருக்கிறது. மணிக்கு ஒருமுறை அது கிர்ரென்று அடிக்கும். அவர் எழுந்து தொட்டிச் செடிகளைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு இரண்டு ஜன்னல்களையும் விரியத் திறப்பார். ஐந்து நிமிடம். மறுபடி அடிக்கும், மூடுவார். காற்று மாற வேண்டும் என்பதில் கேஷேவுக்கும் சந்தேகம் கிடையாது. அந்தக் கட்டடத்தில் யாருக்குமே கிடையாது. ஐந்து நிமிடமா மூன்று நிமிடமா என்பதுதான் வழக்கு.

இன்றைக்கு அவள் குரலில் சூடு கொஞ்சம் கூடுதல். காரணம், பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் வலது கை முழங்கைவரை பிரிண்டரின் பின்கதவுக்குள் இருந்தது. கையில் அகப்பட்டது ஒரு இறப்புச் சான்றிதழின் கால்பாகம். மீதி முக்கால்பாகம் உருளைகளுக்கு நடுவில் விசிறி மடிப்பாக மடிந்து கிடந்தது. அந்தச் சான்றிதழுக்குரிய கிழவியின் மகன், அவருக்கே எழுபது இருக்கும், வெளியே நடையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு பிரதி வேண்டும் அவருக்கு. வந்து நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

கேஷே பச்சை நெம்புகோலை அழுத்தி, இரண்டு கையாலும் தாளைப் பிடித்து, அது போகிற திசையிலேயே மெதுவாக இழுத்தாள். எதிர்த்திசையில் இழுத்தால் கிழியும். கிழிந்து உள்ளே ஒரு நக அளவு துணுக்கு தங்கினாலும் அன்றைய பொழுது அதோடு போச்சு. தாள் முழுசாக வந்தது. கதவைச் சாத்தினாள். பிரிண்டர் மூச்சிழுப்பதுபோல் ஒரு சத்தம் போட்டுவிட்டு, இரண்டாம் தட்டில் தாள் இல்லை என்றது. தட்டை உருவிப் பார்த்தால் நிறைய இருந்தது. அவள் தாள்களை எடுத்து விசிறி, தலைகீழாகத் திருப்பி, மேசையில் தட்டிச் சமன்செய்து, ஓரத் தடுப்புகளை நெருக்கி வைத்து, தட்டைத் தள்ளினாள். இந்தத் தடவை மூன்று தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போயிற்று. அடுத்தது தனியாகப் போனது. ஆனால் இடப்பக்கம் எழுத்து மங்கி, செத்த கிழவியின் பெயர் பாதிதான் விழுந்தது. டோனரைக் கழற்றி இப்படியும் அப்படியும் ஐந்தாறு முறை ஆட்டி மாட்டினாள். அணைத்தாள், முப்பது எண்ணினாள், போட்டாள்.

மாட்டிக்கொண்டது.

மூன்று வாரமாக இதே கதை. காலையில் கொஞ்சம் ஓடும், ஒன்பது மணிக்குமேல் சண்டித்தனம். உருளைகளை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். கணினியில் வரிசையில் நின்ற வேலைகளையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து அனுப்பிப் பார்த்தாள். புது டோனர் போட்டுப் பார்த்தாள். செய்யாதது ஒன்றுதான் பாக்கி, காலால் உதைப்பது. அதுவும் அவளால் முடியாது.

"நான் மேல போய்ப் பொது மெஷின்ல எடுத்துட்டு வரட்டுமா?" என்றார் ஹார்ம்ஸ், ஜன்னல் கொக்கியை மாட்டியபடி.

"போயிட்டு வாங்க. எனக்கு ஒரு போன் வரணும்."

"அந்தப் போன் ஏப்ரல்லேர்ந்து வரப் போகுதுன்னு சொல்றீங்க."

"வந்தா நீங்களா எடுப்பீங்க?"

"நான் ஏன் எடுக்கறேன்? ராணியம்மா உட்காருங்க, சேவகன் போறேன்," என்று அவர் இரண்டிரண்டு படியாகத் தாவிப் போனார். அறுபத்து நான்கு வயதிலும் விடிகாலையில் கடல் அணைக்கரைமேல் ஏழு கிலோமீட்டர் ஓடுகிற மனிதர். கேஷே அந்தக் காலடிகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாடிக்கு இருபத்திரண்டு படி. அவர் பன்னிரண்டு தப்படியில் முடித்துவிட்டார்.

சான்றிதழ்கள் வந்தன. நடையில் இருந்தவர் ஆறையும் எண்ணி உறையில் போட்டுக்கொண்டு, தன் அம்மா போய்ச் சேர்வதற்கே இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டு, ஊர் வழக்கப்படி மொய்ன் என்று விடைபெற்றுப் போனார். புகார் கொடுக்கிற ஆளாகத் தெரியவில்லை. ஆனால் மூன்று பேர் ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள்.

அந்த மூன்று புகாரையும் கையில் வைத்துக்கொண்டுதான் திங்கட்கிழமை துறைத்தலைவி முனைவர் வீப்கே பொப்பிங்கா கதவருகே நின்று பேசினாள். நாற்பத்திரண்டு வயது. குரல் உயராது, பேச்சில் ஒரு சொல் அதிகம் இருக்காது. அலுவலகத்தில் எல்லா அறைகளிலிருந்தும் தனிப் பிரிண்டர்களை எடுத்தாகிவிட்டது, இரண்டாம் மாடி நடைக்கோடியில் எல்லாருக்கும் பொதுவாகப் பெரிய மெஷின் ஒன்று இருக்கிறது. செத்தவர்கள் பிறந்தவர்கள் தாள்கள் பொது நடையில் கிடக்கக்கூடாது என்பதால் உங்களுக்கு மட்டும் விட்டுவைத்தோம். இப்போது அங்கே அவரவர் அடையாள அட்டையைக் காட்டினால்தான் தாள் வெளியே வரும் என்று ஏற்பாடு ஆகிவிட்டது, ஆகவே அந்தக் காரணமும் இனி இல்லை. புதன்கிழமை பத்து மணிக்கு மெக்கானிக் வருகிறார். இது தேறாது என்று அவர் சொன்னால் வெள்ளிக்கிழமை எடுத்துவிடுவோம். இவ்வளவுதான் அவள் சொன்னது.

இன்றைக்குப் புதன்கிழமை.

கேஷே நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்காருவதும் இப்போதெல்லாம் ஒரு வேலை. முதலில் இடது கையை மேசையில் ஊன்றி, வலது காலைக் கொஞ்சம் முன்னே நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் எலும்போடு எலும்பு உரசுவதாக எம்டன் நகரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினார். எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும், மூன்று மாதம் ஓய்வு, அப்புறம் மறுபடி நடக்கப் பழக்குகிற பயிற்சி இல்லம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவள்தான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அவள் தன் நாளையே வெட்டித் தைத்து வைத்திருந்தாள். காலை ஆறரைக்கு, ஆள் வருமுன், பின்வாசல் வழியாக வருவாள். நாளுக்கு ஒரே ஒரு ஏற்றம், ஒரே ஒரு இறக்கம். சாப்பாட்டு ரொட்டி பையில் வரும். தேநீர்க் கெண்டி அறையிலேயே இருக்கிறது. மூன்றாம் மாடியில் யாருக்காவது பிறந்தநாள் கேக் என்றால் வயிறு சரியில்லை என்பாள். உப்பென் அம்மாளுக்குத் தலைக்கனம் என்று பெயர் வந்தது. வரட்டும், தலைக்கனத்துக்கு யாரும் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவதில்லை.

வரித் துறையில் இருந்த மெட்டா டாமனை அனுப்பினார்கள். முதுகுவலி என்று ஒரு வார்த்தை வாய்தவறிச் சொன்னாள். அரசு மருத்துவரிடம் போய்வா என்றார்கள், போனாள். ஓய்வெடு என்றார்கள், எடுத்தாள். ஓய்வு முடியுமுன் அவள் வேலையை வேறு இரண்டு மேசைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவளுக்கு ஒரு ஆர்க்கிட் செடி அனுப்பினார்கள். இப்போது கடைத்தெருவில் பார்த்தால் மெட்டா நின்று நிதானமாகப் பேசுவாள். பேசி முடிக்கவே மாட்டாள். கேஷேவுக்கு அந்தப் பேச்சைக் கண்டு பயம். அவள் வீட்டிலும் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் நான்கு மாதம். அதுவரை இந்த மேசை வேண்டும். மேசை வேண்டுமென்றால் கைக்கெட்டும் தூரத்தில் இந்தப் பிரிண்டர் வேண்டும். நாளுக்கு முப்பது தடவை இருபத்திரண்டு படி ஏறி இறங்கினால் இரண்டே நாளில் ஊருக்கே தெரிந்துவிடும்.

மெக்கானிக் சொன்னபடி பத்து மணிக்கு வந்தார். எர்டெம் என்று சட்டையில் பெயர் தைத்திருந்தது. ஐம்பது வயதிருக்கும், நரைத்த மீசை, கையில் ஒரு பெட்டி. கேஷே நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள்: மாட்டுவது, ஒட்டுவது, மங்குவது, தட்டு காலி என்று பொய் சொல்வது, தான் செய்த வைத்தியம் ஒவ்வொன்றும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், இவ்வளவு ஒழுங்காக நோயைச் சொல்கிறவர்கள் குறைவு, பாதிப் பேர் ஓடவில்லை என்பார்கள், மின்கம்பியே சொருகியிருக்காது என்றார்.

மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். உருளையை விரலால் சுற்றினார், ரப்பரை நகத்தால் அழுத்தினார். தலையை ஆட்டினார்.

"உள்ளே சுத்தமா இருக்கு. என் வீட்டு அடுப்பு இப்படி இருந்தா என் சம்சாரம் என்னைக் கும்பிடுவா. ரோலர் இன்னும் ரெண்டு வருஷம் வரும்."

இன்னும் இரண்டு வருடம் என்று காதில் விழுந்ததும் கேஷே மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

எர்டெம் தட்டை உருவி ஒரு தாளை எடுத்தார். கண்மட்டத்தில் படுக்கைவாட்டில் பிடித்துப் பார்த்தார். இரண்டு முனையும் மேலே வளைந்து, நடுவில் அலையலையாக நின்றது. கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு வண்டிக்குப் போய்த் தன் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, அங்கேயே உறையைக் கிழித்து, தட்டை நிரப்பி, ஒரே தாளை முப்பது பிரதி போடச் சொன்னார். முப்பதும் சரசரவென்று வந்து அடுக்கில் விழுந்தன. எழுத்து கறுப்பாக, விளிம்பு நேராக. இன்னொரு முப்பது, அதுவும் வந்தது.

ஹார்ம்ஸ் எழுந்து வந்து அடுக்கைப் பார்த்தார். "அப்போ மெஷினுக்கு ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்லை. உங்க பேப்பர் எங்கே இருக்கு?"

கேஷே இடத்தைக் காட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. எர்டெமின் கண் ஏற்கெனவே ஜன்னலுக்கு அடியில் போயிருந்தது. அங்கே வெப்பக்குழாய்க்கும் சுவருக்கும் இடையில் உள்ள பலகையில் பதினோரு கட்டு இருந்தன. ஒன்றுக்கும் உறை இல்லை.

அதைச் சேர்த்தவள் கேஷேதான். தாள் கிடங்கு அடித்தளத்தில், பின்வாசலை ஒட்டி. வேண்டும்போது போய் ஒரு கட்டு எடுத்துவருவதுதான் முறை. அவள் வேண்டும்போது போக முடியாதவள். அதனால் காலை ஆறரைக்கு வருகிற அந்த ஒரே ஏற்றத்தில், தினமும் பையில் ஒரு கட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு கட்டு ஒரு நாளில் தீராது, மிச்சம் சேர்ந்தது. உறைகளைப் பிரித்ததற்கும் காரணம் உண்டு. உறையின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூசியது, காகிதத்துக்கான நீலத் தொட்டியில் போடக்கூடாது, பிளாஸ்டிக்குக்கான மஞ்சள் தொட்டிக்குப் போக வேண்டும். மஞ்சள் தொட்டி முற்றத்தில் இருக்கிறது. அதை எடுக்கிறவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார்கள். ஒவ்வொரு உறைக்கும் முற்றத்துக்கு இறங்க அவளால் ஆகாது. சுத்தம் செய்கிற பெண் வியாழக்கிழமை மாலை வரும்போது எல்லா உறையையும் மடித்து ஒன்றாகக் கட்டி அவளிடம் கொடுத்துவிட்டால் ஒரே நடையில் முடிந்தது. அப்படித்தான் பதினோரு கட்டும் சட்டையில்லாமல் நின்றன.

எர்டெம் குனிந்து மேல் கட்டைத் தொட்டார். அப்போது கிர்ரென்று கடிகாரம் அடித்தது. ஹார்ம்ஸ் பழக்கத்தில் எழுந்து போய் செடிகளை இறக்கி ஜன்னலைத் திறந்தார். கீழே கால்வாய்மேல் படுத்திருந்த நவம்பர் மூடுபனி நேராக உள்ளே வந்தது. மேல் தாள் ஒன்று மெல்ல எழும்பிப் படிந்தது.

மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதுதான்," என்றார் எர்டெம். "மணிக்கு ஒருதரம் பனி குடிக்குது. மூடினதும் பக்கத்துல குழாய் சுடுது. நனையுது, காயுது, நனையுது, காயுது. நமக்கு இப்படிச் செஞ்சா நாமளும்தான் வளைஞ்சு நிப்போம். அந்த உறை இருக்கே, அதுதான் பேப்பருக்கு மழைக்கோட்டு. அதை ஏன் கழட்டுனீங்க?"

"ஜன்னலைக் குறை சொல்லாதீங்க," என்றார் ஹார்ம்ஸ்.

"ஜன்னலை யாருங்க சொன்னா? திறக்காம எப்படி இருக்கிறது? நான் பேப்பரைச் சொல்றேன்."

அந்த நேரம் பார்த்து வீப்கே பொப்பிங்கா வந்தாள். பத்தரைக்கு வருவதாக அவள் சொல்லவில்லை, ஆனால் பத்தரைக்கு வருகிறவள் மாதிரிதான் வந்தாள். எர்டெம் நின்றபடியே விவரம் சொன்னார். அவள் அறுபது தாளையும் புரட்டிப் பார்த்தாள். மெஷின் நன்றாக இருக்கிறது என்பதை எழுத்தில் தருவீர்களா என்று கேட்டாள், தருகிறேன் என்றார். கேஷே வலது கையைப் பிரிண்டர்மேல் வைத்தாள். அவ்வளவுதான், இது போகாது, வெள்ளிக்கிழமை யாரும் வரமாட்டார்கள்.

துறைத்தலைவி ஜன்னலடிக்கு வந்தாள். ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"பதினொண்ணு. அறைக்கு ஒரு கட்டுதானே முறை? இதை இங்கே யார் கொண்டுவந்து அடுக்குனது?"

கேஷே வாயைத் திறந்தாள். யார் என்று சொன்னால் அடுத்து ஏன் என்று வரும். ஏன் என்பதற்கு மூன்று பொய் அவளிடம் இருந்தது, மூன்றும் இந்தப் பெண் முன்னால் ஒரு நிமிடம் நிற்காது. தேவைக்குக் கீழே போய் எடுத்தால் என்ன என்பாள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உலகத்தில் உண்டு. மூன்று வாரம் போராடிக் காப்பாற்றியதைத் தன் கையாலேயே கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் அதில் பெரிய வருத்தம்கூட இல்லை. களைப்புதான் இருந்தது. சொல்லித் தொலைத்துவிட்டால் நாளைக் காலை ஆறரைக்கு எழுந்து வரவேண்டாம்.

"நான்தான்," என்றார் ஹார்ம்ஸ்.

"நீங்களா?"

"நான்தான் கொண்டுவந்தேன். ஒவ்வொரு தடவையும் கீழே போக அலுப்பா இருந்துச்சு."

"அலுப்பு. உங்களுக்கு."

"வயசாகுதில்ல."

பொப்பிங்கா அவரைப் பார்த்தாள். இந்த மனிதர் அணைக்கரையில் ஓடுவதைத் தினமும் காரில் வரும்போது பார்க்கிறவள். பிறகு கேஷேவைப் பார்த்தாள். கேஷே ஊன்றியிருந்த இடது கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டு நேராக நின்றாள். வலி இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஒரு கோடு போட்டது.

துறைத்தலைவி நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. தீர்ப்பு மட்டும் தெளிவாக வந்தது. பிரிண்டர் இருக்கட்டும். உள்சுவர்ப் பக்கம் தள்ளி வையுங்கள். கட்டுகள் இன்றைக்கே கிடங்குக்குப் போக வேண்டும். இனி தேவைக்கு ஒன்று, உறையோடு, பிரிப்பது தட்டில் போடும்போது மட்டும். கொண்டுவந்தவர் ஹெர் ஹார்ம்ஸ், ஆகவே இறக்குகிறவரும் அவரே. ஜன்னல் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, கதவருகில் போனவள் திரும்பினாள்.

"நீங்களும் கொஞ்சம் எழுந்து நடக்கலாம், ஃப்ராவ் உப்பென். இனிமே பேப்பர் எடுத்துட்டு வர்றதை ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் செய்ங்க. எந்நேரமும் உட்கார்ந்தே இருக்கிறது உடம்புக்கு நல்லதில்லை."

"ஆகட்டும்," என்றாள் கேஷே.

எர்டெமும் தன் மிச்சக் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கையெழுத்து வாங்கும்போது, யார் உறையைக் கழற்றினாலும் அதை மஞ்சள் தொட்டியில்தானே போட்டீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றாள். அது போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினோரு மணிக்குத் தேநீர். இந்தக் கடற்கரையில் அதை யாரும் தள்ளிப்போடுவதில்லை, செத்தவர்களுடைய பிள்ளைகள்கூட அந்த நேரத்தில் கதவைத் தட்டமாட்டார்கள். கேஷே இரண்டு கோப்பையிலும் கற்கண்டைப் போட்டுத் தேநீரை ஊற்றினாள். கற்கண்டு வெடிக்கிற சத்தம் கேட்டது. பாலாடையைக் கரண்டியால் ஓரத்தில் இறக்கினாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள். வந்தது வேறு.

"உங்களை யார் பொய் சொல்லச் சொன்னா?"

"பின்னே நீங்க சொல்ற பொய்யை அவங்க நம்புவாங்களா? உங்க முகத்துக்குப் பொய் ஒட்டாது."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

ஹார்ம்ஸ் தேநீரைக் கலக்காமல் ஒரு வாய் குடித்தார். "இடுப்பா, முழங்காலான்னு மட்டும் தெரியாது. மத்ததெல்லாம் தெரியும்."

அவள் பாலாடைக் கரண்டியை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

அவர்தான் சொன்னார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இறப்புப் பதிவேட்டில் ஒரு வரியைப் படிக்கிற தொனியில். ஏப்ரலில் ஒரு நாள் ஓட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஆறரைக்கே வந்தாராம். மேலே ஏறவில்லை, கீழே சைக்கிளைப் பூட்டிக்கொண்டு நின்றார். படிக்கட்டில் காலடி கேட்டது. ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, நின்று, மறுபடி ஒரு படி. யாரோ வயதானவர் தெரியாமல் வந்துவிட்டார் என்று நினைத்தாராம். எட்டிப் பார்த்தால் இவள், தோளில் பை, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அவள் மேலே போய்ச் சேர்ந்து கதவு சாத்துகிறவரை வெளியே மழையில் நின்றுவிட்டு அப்புறம் வந்தாராம்.

"அதுக்கப்புறம்தான் ராணியம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சீங்களா?"

"வேற எப்படிக் கூப்பிடறது? மேல போறீங்களான்னு நான் கேக்காம இருக்க முடியாது, நீங்க போக முடியாது. ஒரு சண்டை போட்டா ரெண்டு பேருக்கும் சௌகரியமா இருந்துச்சு."

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருக்க மாட்டாள். அது இருவருக்கும் தெரிந்ததால் யாரும் அதைத் தொடரவில்லை. அவள் கோப்பையைக் கையில் வைத்துச் சூட்டை வாங்கிக்கொண்டிருந்தாள். பிரிண்டர் போகவில்லை, மேசை போகவில்லை. தாள் எடுக்க முறை வைத்திருக்கிறார்கள், அதில் பாதி அவளுடையது. ஆனால் இவர் இருக்கும்வரை அந்தப் பாதியையும் இவரே சத்தம் போட்டுக்கொண்டு எடுத்துவருவார், தான் திட்டிக்கொண்டே இருக்கலாம். இரண்டு வருடம் நான்கு மாதம்தான். ஓடிவிடும் என்று அவளுக்கு முதல் தடவையாக நம்பிக்கை வந்தது. தேநீரைக் குடித்தாள்.

ஹார்ம்ஸ் இரண்டாவது கோப்பை வேண்டாம் என்பதற்கு அடையாளமாகக் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டு எழுந்தார். ஜன்னலடிக்குப் போய் நான்கு கட்டை மார்போடு அணைத்துத் தூக்கினார். கதவைத் தோளால் தள்ளியவர் அங்கேயே நின்றார். முதுகு இவள் பக்கம்.

"ஒண்ணு சொல்லணும். போன வாரம் என் ஓய்வு மனுவைக் கொடுத்துட்டேன். அக்கா கிரோனிங்கன்ல தனியா இருக்கா, அவளுக்கு ஆள் வேணும். பிப்ரவரி கடைசியோட இங்கே முடிஞ்சுது. என் இடத்துக்கு ஆள் போடமாட்டாங்களாம், பொப்பிங்கா சொல்லிட்டாங்க."

கேஷே கோப்பையைக் கீழே வைத்தாள். தட்டில் அது சரியாக உட்காரவில்லை. நகர்த்தி உட்கார வைத்தாள். இடது கை தானாக மேசையில் ஊன்றப் போனது.

"எம்டன்ல நல்ல டாக்டர் இருக்கார்னு சொல்வாங்க," என்றார் அவர். கட்டுகளைக் கையில் சரிசெய்துகொண்டார். அப்புறம் திரும்பிப் பார்த்தார்.

"மார்ச்சுலேர்ந்து யார் ஏறுவாங்க, ஃப்ராவ் உப்பென்?"